நாலடி மண் தேடி

மாடி வீடுகளின் நகரமாகிவிட்ட பெங்களூருவில் ஒரு வயதான நாய்க்குக் கடைசி இடம் தேடுவது சுலபமல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே கன்னட நாட்டில் ஒரு நாய்க்குக் கல்லும் கிடைத்தது, நிலமும் கிடைத்தது.

காலை ஆறு மணி. ஜாலஹள்ளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் கதவு திறக்கிறது. பழைய போர்வை ஒன்றின் இரு முனைகளை எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் பிடித்திருக்கிறார். மற்ற இரு முனைகளைப் பிடித்திருப்பவர் இரவுக் காவலாளி. நடுவே மணி. செவலை நிறம், முகம் முழுக்க நரை, பால் படர்ந்தது போன்ற கண்கள். புல்தரை வந்ததும் போர்வையை இறக்குகிறார்கள். மணி எழுந்து நிற்க முயல்கிறது. பின்னங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. பெரியவர் அதன் இடுப்பைத் தாங்கிப் பிடிக்கிறார். வேலை முடிந்ததும் மூவரும் வந்த வழியே திரும்புகிறார்கள்.

மாடியில் அவர் மனைவி தட்டோடு காத்திருக்கிறார். தயிர் சாதம், நன்றாகக் குழைத்தது. பதினான்கு வருடங்களாக இந்த வீட்டில் ஒரு நடைமுறை உண்டு. முதல் சாப்பாடு மணிக்கு. அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு. இப்போதெல்லாம் மணி இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. அதனால் அந்த அம்மாளும் இளைத்துவிட்டார்.

அரக்கோணத்திலிருந்து வந்து, பெங்களூருவின் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பெரியவர். ஓய்வு பெற்ற வருடத்து மழை நாள் ஒன்றில், கடை வாசலில் நடுங்கிக்கொண்டிருந்த தெருநாய்க் குட்டியைத் தூக்கி வந்தார். மகன் புனேவுக்குப் போனான், மகள் கல்யாணமாகிப் போனாள். மணி மட்டும் போகவில்லை.

இப்போது மணியின் சிறுநீரகங்கள் ஓய்ந்துகொண்டிருக்கின்றன. மூட்டுகளில் தேய்மானம். கால்நடை மருத்துவர் நல்ல செய்தி எதையும் வைத்துக்கொண்டிருக்கவில்லை. "ஒரு காலண்டர் எடுத்துக்குங்க சார். நல்ல நாளுக்கு ஒரு குறி, கெட்ட நாளுக்கு வேற குறி போடுங்க. கெட்ட நாள் அதிகமாகும்போது நாம பேசலாம்" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "எங்கே வைக்கப்போறீங்கன்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க. அன்னிக்கு உங்களால யோசிக்க முடியாது."

எங்கே? இந்தக் கேள்விக்கு அரக்கோணத்தில் பதிலே தேவைப்பட்டதில்லை. அங்கே வீட்டு நாய் செத்தால், கிணற்றுக்குத் தள்ளி, புளிய மரத்தடியில் அப்பாவே மண்வெட்டி எடுத்துக் குழி தோண்டுவார். மேலே ஒரு செடி நடுவார்கள். மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். அந்த வீடு விற்றுப் பல வருடங்களாகின்றன. புளிய மரம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபத்தின் சமையல்கூடம்.

குடியிருப்பில் புல்தரை இருக்கிறது. ஆனால் அதன் மண் ஒன்றரை அடிதான். கீழே கார் நிறுத்துமிடம், தண்ணீர்த் தொட்டி. குடியிருப்போர் சங்கம் மரியாதையாகவே மறுத்துவிட்டது. மறுத்ததும் நியாயம்தான். மருந்து கொடுத்துத் தூங்கவைக்கப்பட்ட பிராணியின் உடலில் அந்த மருந்தின் வீரியம் தங்கியிருக்கும். மேலோட்டமாகப் புதைத்தால், தோண்டித் தின்னும் நாயும் பருந்தும் சாகக்கூடும். குழி நாலடியாவது இருக்க வேண்டும். உடலுக்கு மேல் மூன்றடி மண் மூட வேண்டும். கிணறும் நீரோட்டமும் அருகில் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பை கூடாது, பருத்தித் துணி போதும். லட்சக்கணக்கானோர் மாடிகளில் வாழும் நகரில் இந்த நாலடி மண் யாரிடம் இருக்கிறது?

சிக்கல் பெங்களூருவுக்கு மட்டும் உரியதல்ல. மும்பை பரேலில் விலங்குகளுக்கென்றே பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை 1883இல் வந்துவிட்டது. ஆனால் செல்லப்பிராணிகளை எரியூட்ட அந்த மாநகராட்சியின் எரிவாயுத் தகன மேடை மாலாடில் செயல்படத் தொடங்கியது 2023இல்தான். தில்லி மாநகராட்சி துவாரகாவில் அத்தகைய இடத்தைத் திறக்க 2024 வரை ஆனது. நாய் வளர்க்கும் ஆசை நகரங்களில் வேகமாக வளர்ந்தது. நாயை அனுப்பிவைக்கும் வசதி நொண்டிக்கொண்டு பின்னால் வந்தது. இடையில் செத்த எத்தனையோ செல்லங்கள் குப்பை லாரியிலும் ஏரிக்கரையிலும் போய்ச் சேர்ந்தன. வளர்த்தவர்கள் அதை வெளியே சொல்வதில்லை.

பெங்களூருவில் மணிக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மாகடி சாலையில் சுமனஹள்ளிப் பக்கம் மாநகராட்சி அமைத்த விலங்குகளுக்கான எரியூட்டகம். மற்றொன்று, தெற்கே கெங்கேரியை ஒட்டி, பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் வனவிலங்கு மருத்துவமனை வளாகத்தில் உள்ள கல்லறைத் தோட்டம். எரிப்பது சுலபம் என்றார் பெரியவர். சாம்பலை வாங்கிக் காவிரியில் கரைத்துவிடலாம். மனைவி கேட்கவில்லை. "அதுக்குன்னு ஒரு இடம் இருக்கணுங்க" என்றார். "அந்தக் கல்லுல இருக்கற நாய்க்கு இருக்கு. நம்ம மணிக்கு வேண்டாமா?"

அந்தக் கல் இருவருக்கும் பழக்கமானது. பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவுக்கு அழைத்து வருவார்கள். பூங்காவை ஒட்டி, கஸ்தூர்பா சாலையில் அரசு அருங்காட்சியகத்தின் சிவப்புக் கட்டடம். உள்ளே ஒரு கல்லில், காட்டுப்பன்றி ஒன்றுடன் நாய் மல்லுக்கட்டும் சிற்பம். அதைச் சுற்றிலும் பழைய கன்னட எழுத்து. விளக்கத்தில் "தக்கோலம்" என்ற பெயரைப் பார்த்துத்தான் பெரியவர் முதலில் நின்றார். தக்கோலம் அரக்கோணத்துக்குப் பக்கத்து ஊர். சைக்கிளில் போய்வந்த ஊர். அது இங்கே எப்படி வந்தது?

மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தில் உள்ள ஆதகூரிலிருந்து வந்த கல் அது. சக ஆண்டு 872இல் நிறுத்தப்பட்டது. அதாவது கி.பி. 949-50. தக்கோலத்தில் சோழப் படைக்கும் ராஷ்டிரகூடப் படைக்கும் பெரும் போர் நடந்த காலம். பராந்தக சோழனின் மகன் இராஜாதித்தன் அங்கே யானை மேலிருந்தபடியே உயிர்விட்டான். அவனை வீழ்த்தியவன், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகன். பூதுகனின் படையில் மணலேரன் என்ற வீரன் இருந்தான். அவனுடைய வீரத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்றான் மன்னன். மணலேரன் கேட்டது ஒரு நாயை. மன்னனின் வேட்டை நாய், பெயர் காளி.

கேட்டதும் கிடைத்தது. பிறகு ஒரு நாள், மலைப்பக்கம் ஒரு பெரிய காட்டுப்பன்றியின் மீது காளியை ஏவினான் மணலேரன். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று சாய்ந்தன. ஆதகூர் சிவன் கோயிலின் முன் காளிக்குக் கல் நட்டான் அவன். ஒரு பேரரசின் வெற்றியைச் சொல்லும் கல்வெட்டு, கடைசியில் ஒரு நாயின் சாவுக்காக எழுதப்பட்ட கல்வெட்டு. இராஜாதித்தன் மாண்ட கதையைச் சொல்லும் முக்கியச் சான்றுகளில் ஒன்றாக வரலாற்று ஆசிரியர்கள் இன்று மேற்கோள் காட்டுவது இதைத்தான்.

தமிழ் மண்ணுக்கும் இது புதிதல்ல. ஆதகூர்க் கல்லுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் நட்ட நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்திலேயே ஒரு நாய் நிற்கிறது. கள்வர்களைக் கடித்து, எசமானனை விட்டு நகராமல் காத்து நின்ற நாய். கோவிவன் என்று அதன் பெயரும் கல்லில் இருக்கிறது. அரசர்களின் பெயர்களே சிதைந்து மறைந்த கற்கள் எத்தனையோ உண்டு. கோவிவனுக்கும் காளிக்கும் அந்தக் கதி நேரவில்லை.

ஆனால் மணலேரன் கல்லோடு நிற்கவில்லை. அந்தக் கல்லைக் கவனிக்க நிலம் கொடுக்கப்பட்டது. அங்கே பூசை செய்யும் கொரவன் என்ற சைவப் பூசாரி, கல்லுக்குப் பூசை செய்யாமல் உணவு உண்டால் பாவம் சேரும் என்று எழுதியும் வைத்தார்கள். வெறும் கல்லை மண் மூடிவிடும் என்பது பத்தாம் நூற்றாண்டு மனிதனுக்குத் தெரிந்திருந்தது. தினமும் நினைக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்தால்தான் அது நினைவிடம்.

வாடகைக் காரின் பின்சீட்டில் மணியைப் படுக்கவைத்து ஒரு புதன்கிழமை கெங்கேரிக்குப் போனார்கள். உயிரோடு இருக்கும் நாயையா அங்கே அழைத்துப் போவது என்று மகள் தொலைபேசியில் கோபப்பட்டாள். "அது தூங்கப்போற இடம். அதுவும் ஒருவாட்டி பாக்கட்டும்" என்றார் அம்மா.

நகரத்தின் ஓரத்தில் மரங்கள் அடர்ந்த இடம். பட்டம் விடும் நூலில் சிறகு அறுபட்ட பருந்து, மின்கம்பியில் அடிபட்ட குரங்கு என்று காட்டுயிர்களுக்கு வைத்தியம் நடக்கும் வளாகம். அதன் ஒரு பக்கத்தில் கல்லறைகள். கருங்கல் பலகைகளில் பெயர்கள், பிறந்த நாள், இறந்த நாள். சிலவற்றில் புகைப்படம், சிலவற்றில் வாடிய சாமந்தி. மனிதர்களின் சுடுகாட்டில் சாதிக்கு ஒரு மூலை, மதத்துக்கு ஒரு மதில். இங்கே டைகரும் ராணியும் ப்ரூனோவும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள்.

பெரியவர் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். குழி எத்தனை ஆழம்? இடம் எத்தனை வருடத்துக்கு? அதைப் புதுப்பிக்காவிட்டால் என்ன ஆகும்? வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு? இரவில் இறந்தால் காலை வரை என்ன செய்வது? கையெழுத்துப் போடும் முன் எவரும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. துக்க நாளில் வருபவர்கள் எதையும் கேட்பதில்லை, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். அவர் மனைவிக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "கேட்டு எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

மணி அங்கே மண்ணை முகர்ந்தது. நெடுநாள் கழித்துத் தானாக நாலடி நடந்தது. நிழலில் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. இடம் அதுதான் என்று அந்த அம்மாள் முடிவு செய்துவிட்டார்.

அடுத்த மூன்று வாரங்களில் காலண்டரில் கெட்ட நாள் குறிகள் வரிசையாக வந்தன. ஒரு காலை, மணி தண்ணீரையும் மறுத்தது. மருத்துவர் வீட்டுக்கே வந்தார். நடக்கப்போவதை முதலில் விளக்கினார். ஒரு ஊசி, மயக்கத்துக்கு. அது தூங்கிய பிறகு இரண்டாவது ஊசி, நரம்பில். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண்கள் மூடாது. உடம்பு ஒரு முறை துடிக்கலாம், மூச்சு வாங்குவது போலத் தோன்றலாம், சிறுநீர் பிரியலாம். அது வலியல்ல, நரம்புகளின் அசைவு. "பக்கத்துல இருக்கறதும் வெளியே போறதும் உங்க இஷ்டம்" என்றார். இருவரும் போகவில்லை. பெரியவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் காதருகே பேசிக்கொண்டே இருந்தார். மருத்துவர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்த பிறகும் பேச்சு நிற்கவில்லை.

கல்யாணப் பட்டுப் புடவைகளைச் சுற்றிவைத்திருந்த பழைய மல் வேட்டியில் மணியைச் சுற்றினார்கள். அதே போர்வையில், அதே காவலாளி இறக்கிக் கொடுத்தார். கெங்கேரியில் குழி தயாராக இருந்தது. பெரியவர் குனிந்து ஆழத்தைக் கண்ணால் அளந்தார். அப்பா செய்ததைப் போல முதல் மண்ணைத் தானே தள்ளினார். மண்வெட்டி பிடிக்கும் முறை அவருக்கு மறந்திருக்கவில்லை.

பலகையில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார் அலுவலக ஊழியர். பிறந்த தேதி தெரியாது. இனம் எதுவும் கிடையாது. தமிழில் "மணி" என்று இரண்டே எழுத்து, கீழே வருடம். அது போதும் என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியவர் வழக்கம் போல இட்லித் தட்டின் முன் வந்து உட்கார்ந்தார். ஜாலஹள்ளியில் பச்சை வழி மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் இறங்கி, ஊதா வழியில் மாறிக் கெங்கேரி போக வேண்டும். பிறகு ஆட்டோ. போய்வரக் குறைந்தது மூன்று மணி நேரம். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாமே என்றார்.

அவர் மனைவி இட்லிப் பாத்திரத்தை மூடிவைத்தார். பூப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினார்.

"அதைப் பாத்துட்டு வந்து சாப்பிட்டுக்கலாங்க."