சரிவில் ஒரு கல்

திங்கள், காலை 7.15

கண்டி என்ற பெயர் மலையைக் குறிக்கும் 'கந்த' என்னும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. ஹந்தானை, உடவத்தகலை மேடுகளுக்கிடையே கிண்ணம்போல் கிடக்கும் இந்நகரில், பாடசாலைகளின் வண்டித் தரிப்பிடச் சிக்கல் பரப்பளவு போதாமையால் மட்டுமன்றிச் சமதரை போதாமையாலும் எழுகிறது. இங்குள்ள திரித்துவக் கல்லூரி 1872இலும் தர்மராஜ கல்லூரி 1887இலும் தொடங்கப்பட்டபோது மோட்டார் சைக்கிள் இலங்கையின் அன்றாட வாழ்வில் இல்லை. இன்றும் மேட்டுநிலப் பாடசாலைகளில் கிடைக்கும் சமதரை வகுப்பறைக்கும் மைதானத்துக்கும் போய்விட, எஞ்சும் சரிவே வண்டிகளின் பங்காகிறது.

செவ்வாய், பிற்பகல் 1.30

பாடசாலைக்கு வரும் இருசக்கர வண்டிகள் இரு வகைப்படும். ஆசிரியர்களின் வண்டிகள் காலை முதல் பாடசாலை கலையும்வரை அசையாமல் நிற்பதால் அதனை நெடுந்தரிப்பு எனலாம். பெற்றோரின் வண்டிகள் பிள்ளையை இறக்கவும் ஏற்றவும் சில நிமிடங்கள் மட்டும் நிற்பதால் அது குறுந்தரிப்பு. உள்ளே இடமில்லாத முதல்வகை வண்டிகள் மதிலோரத்தைப் பிடித்துக்கொள்ள, வாசலில் ஒதுங்க இடமில்லாத இரண்டாம்வகை வண்டிகள் தெருவுக்குத் தள்ளப்படுகின்றன. அவற்றுக்கும் பாடசாலை வேன்களுக்கும் ஓட்டோக்களுக்கும் இடையில் நெளிந்தே பிள்ளைகள் வெளியேற வேண்டியிருக்கிறது.

புதன், மழை

சரிவில் நிற்கும் மோட்டார் சைக்கிளை முதல் கியரில் விட்டால் பின்சக்கரம் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆசிரியைகள் பலர் ஓட்டும் ஸ்கூட்டியில் கியர் தானாக இயங்குவதால், எஞ்சின் நின்றதும் கியர் சக்கரத்தைப் பிடித்து வைப்பதில்லை. ஆகவே பின்சக்கரத்தின் கீழ் ஒரு கல் வைக்கப்படுகிறது. நனைந்த மண்ணில் பக்க ஸ்டாண்ட் புதைந்து ஒரு வண்டி சாய்ந்தால், நெருக்கி நிறுத்திய அடுத்தடுத்த வண்டிகளும் வரிசையாகச் சாய்கின்றன.

வியாழன்

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு முற்றி, கியூஆர் குறியீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்ற பங்கீடு வந்தபோது, காரை வீட்டில் நிறுத்திவிட்டு இருசக்கர வண்டியில் வருவது பலருக்குச் சிக்கனமாகத் தோன்றியது. ஒரு காருக்குரிய இடத்தில் நான்கு மோட்டார் சைக்கிள்களேனும் நிற்கக்கூடும். ஆயினும் தரிப்பிடம் என்றதும் கார்களுக்கே கோடு கிழிக்கப்படுகிறது, இருசக்கர வண்டி எங்கேயாவது ஒதுங்கிக்கொள்ளும் என்ற நினைப்பே அதற்கு இடமில்லாமற் செய்கிறது.

வெள்ளி

தீர்வுக்குப் பெருநிலம் வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 2 மீற்றர் என்பதால், சரிவின் குறுக்காக அந்த அகலத்தில் ஒரு படியை வெட்டி, கொங்கிரீட் இட்டு, மேலே தகரக் கூரை போட்டால் நெடுந்தரிப்பு வண்டிகள் அங்கே அடங்கும், வாசல் பெற்றோருக்கு விடுபடும். நெல்லுக்காக மலைச்சரிவைப் படிப்படியாகச் செதுக்கிய நாட்டுக்கு இந்த வேலை புதிதன்று. அந்தப் படி அமையும்வரை, ஸ்கூட்டியின் இருக்கைக்கு அடியில் மழைக்கோட்டுடன் ஒரு கல்லும் பயணம் செய்யும்.