காது கேட்கும், பேச்சு புரியாது

எங்கப்பாவுக்குக் காது நல்லாக் கேட்கும். பேச்சுதான் புரியாது. ஆரம்பமே குழப்பறானேன்னு ஓடிடாதீங்க மக்களே, விஷயமே அதான்.

குமாரபாளையத்துல முப்பது வருஷத்துக்கு மேல விசைத்தறி ஓட்டினவர். தெருவுல பஸ் போனா கேட்குது. பக்கத்து வீட்டு நாய் குரைச்சா, "தூங்க விடுதா பாரு"ங்கறார். ஆனா அம்மா "பசிக்குதுங்களா?"ன்னா, "எந்தப் புள்ள படிக்குது?"ங்கறார். கேட்க நமக்குச் சிரிப்பு. அம்மாவுக்கோ, மனுசன் வேணும்னே பண்றார்னு பல வருஷக் கோபம்.

காரணம் தெரிஞ்சுக்கணும்னா காதுக்குள்ள போகணும். பொட்டி தட்டறவனுக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

சத்தம் வந்து மோதினா செவிப்பறை அதிரும். அதுக்குப் பின்னால சுத்தி, பட்டை, அங்கவடின்னு மூணு எலும்பு. அங்கவடிதான் உடம்புலயே சின்ன எலும்பு, சுமார் 3 மில்லிமீட்டர். இதெல்லாம் எதுக்கு? உள்காதுல இருக்கறது திரவம். காத்துல வர்ற சத்தம் நேரா அதுல மோதினா பெரும்பகுதி திரும்பிப் போயிடும். (கிணத்துல முங்கியிருக்கறப்ப மேல நின்னு கூப்பிட்டா கேட்காதே, அதே கதை.) அதனால அகலமான செவிப்பறை வாங்கின அதிர்வை, குட்டியான அங்கவடியில குவிச்சு, அழுத்தத்தைச் சுமார் 20 மடங்காக்கி உள்ளே தள்ளுது.

உள்ளே இருக்கற காக்ளியா, நத்தைக் கூடு மாதிரி ரெண்டரை சுத்து. நீட்டினா 35 மில்லிமீட்டர்தான். அதுல ஓடற சவ்வுல, வாசல் பக்கம் கீச்சுச் சத்தத்துக்கு அதிரும், உச்சி கட்டைச் சத்தத்துக்கு. இதைக் கண்டுபிடிச்ச பெக்கெஷிக்கு 1961ல நோபல் பரிசு. நாம காலேஜ்ல அரியர் வச்ச ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்மை, கரன்ட் பில் இல்லாம பண்ற ஹார்டுவேர் :-)

அந்தச் சவ்வு மேல, மெல்லிசா இழை முளைச்ச செல்கள், காதுக்குச் சுமார் 15,000. இழை வளைஞ்சாத்தான் மூளைக்குச் சிக்னல் போகும். கோழிக்கு இந்தச் செல் செத்தா திரும்ப முளைக்கும். நமக்கு முளைக்காது. பேக்கப் இல்லாத சிஸ்டம்.

தறிச் சத்தம் முதல்ல அடிக்கிறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் செல்களை. உயிரெழுத்தோட பலம் அதுக்குக் கீழே இருக்கறதால தப்பிச்சிடுது. மெய்யெழுத்துகளைப் பிரிச்சுக் காட்டற சன்ன ஒலிகள்தான் மாட்டுது. பசி, படி ரெண்டுலயும் உயிர் ஒண்ணுதான், அர்த்தம் இருக்கறது ச-விலும் ட-விலும். அப்பாவுக்கு உயிர் கேட்குது, மெய் கேட்கலை. கத்திப் பேசினாலும் உயிர்தான் பெருசாகுமே தவிர, மெய் தெளிவாகாது.

ஈரோட்டுல டெஸ்ட் எடுத்தோம். கிராஃப் ஒழுங்காப் போயி, 4000 கிட்ட குழியில விழுந்திருந்தது. அம்மா அதையே ரொம்ப நேரம் பார்த்தாங்க. இப்பல்லாம் அடுப்படியில இருந்து குரல் கொடுக்கறதில்லை. எதிர்ல வந்து நின்னு, முகம் பார்த்துப் பேசறாங்க. பாதிச் சண்டை குறைஞ்சிருச்சு.

85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகணும்ங்கறது அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு சொல்ற கணக்கு. 100 டெசிபல்னா கால் மணி நேரம். பட்டறை 90-ஐ சாதாரணமாத் தாண்டும். ஷிஃப்டோ 12 மணி நேரம்.

மாமா பையன் இப்பத் தறி ஓட்டறான். இயர்பிளக் வாங்கிக் கொடுத்தேன். "இதை மாட்டுனா நூல் அறுந்தது எப்படி மாமா தெரியும்?"னான்.

எனக்கு முன்னால அப்பா பதில் சொன்னார்: "நூல் அறுந்தா கண்ணுக்குத் தெரியும்டா. காது அறுந்தாத்தான் தெரியாது. போட்டுக்க."

அவருக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு பார்க்கறீங்களா? பட்டறைச் சத்தத்துல தறிக்காரங்க உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்குவாங்களாம். அந்தப் பழக்கம் இன்னும் போகலை.