வேனிலில் ஒரு மிதிவண்டிச் செலவு

செலவு பல திறத்தது. புகைவண்டியிற் செல்வோன் ஊர்களைக் காண்பான். அவற்றின் வெயிலை அறியான். மோட்டார் வண்டியிற் செல்வோன் ஊரையும் வெயிலையும் கண்ணாடிக்கு அப்பால் நிறுத்திவிடுவான். நடந்தோ மிதிவண்டியிலோ செல்வோனுக்கே நிலத்தின் மேடுபள்ளமும், காற்றின் இயல்பும், மரத்தின் அருமையும் உடம்பிற் பதிந்த கல்வியாகும். இதனை யான் நூலிற் கற்றிலேன். 2024-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் எம் குடும்பத்தார் நால்வரும் ஓசூரினின்று கிருஷ்ணகிரிக்கு மிதிவண்டியிற் சென்றபோது அறிந்தேன்.

ஓசூரை மிதிவண்டிக்குரிய ஊரென்று எவரும் கூறார். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய நாள்தொட்டு அஃது இயந்திரங்களின் ஊராயிற்று. 1980-இல் டி.வி.எஸ். 50 என்னும் சிறு மோட்டார் வண்டி அங்கிருந்தே வெளிப்போந்து, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மிதிவண்டியின் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டது. இந்நாளில் மின்விசையால் இயங்கும் வண்டிகளும் இம்மாவட்டத்திலேயே செய்யப்படுகின்றன. என் தந்தையார் அங்குள்ள தொழிற்சாலை ஒன்றிற் பணிபுரிபவர். பிறர் ஏறிச்செல்லும் வண்டிகளுக்கு உறுப்புகள் செய்தளித்துவிட்டுத் தாம் பழைய மிதிவண்டியிலேயே வீடு திரும்புவார். அன்னையார் புதுக்கோட்டைப் பக்கத்தவர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் துணையால் அம்மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி பழகியபோது, தம் தாயாரோடு சிறுமியாய்த் தாமும் பழகியவர். எனக்கு மேனிலைப் பள்ளியில் அரசினர் அளித்த வண்டி உண்டு; பன்னிரண்டு வயதுத் தங்கைக்கு அவளுயரத்திற்கேற்ற வண்டி உண்டு. ஆதலின் தந்தையாருக்கு நான்கு நாள் விடுமுறை வாய்த்தவுடன், "பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசுக்கு மாம்பழம் வாங்கலாம், வண்டியிலேயே போவோம்" என்று அவர் கூற, நாங்களும் உவந்து இசைந்தோம். கிருஷ்ணகிரியில் அத்தை வீடு. அருகே 1950-களிற் கட்டப்பெற்ற அணை. எங்கும் செந்தூராவும் பெங்களூராவும் பழுக்கும் பருவம். வேறென்ன வேண்டும்?

ஆனால் அவ்வேனில் ஏனைய வேனில்களைப் போன்றதன்று. ஈரோட்டிலும் சேலத்திலும் வெப்பம் 40 டிகிரியைக் கடந்து நின்றது. குளிர்ச்சிக்குப் பெயர்பெற்ற பெங்களூரும் ஏப்ரல் இறுதியில் 38 டிகிரியைத் தாண்டியது. அன்றியும் ஓசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தது. கிருஷ்ணகிரியோ 500 மீட்டர் அளவினது. 1000 மீட்டர் இறங்கினால் வெப்பம் பொதுவாக 6 டிகிரிக்குக் குறையாமல் ஏறும் என்பர். எனவே, மிதியாமலே வண்டி ஓடும் இறக்கத்தின் இன்பமும், அடுப்பை நோக்கிச் செல்லும் துன்பமும் எமக்கு ஒருங்கே வாய்த்தன.

லாரிகள் விரையும் நெடுஞ்சாலையை விடுத்து, உத்தனப்பள்ளி, இராயக்கோட்டை வழியாகச் செல்லத் துணிந்து, விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்பட்டோம். தக்காளித் தோட்டங்களின் மீது தண்காற்று வீசிற்று. பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாய் வெளிச்சம் பெற்றன. வழியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் மாறிமாறிச் செவிக்கு எட்டின. வெயில் ஏறுமுன் இராயக்கோட்டையை அடைந்துவிடலாம் என்பது எம் கணக்கு. வழியில் தங்கையின் வண்டிச் சக்கரம் பஞ்சராயிற்று. கடை திறப்பதற்குக் காத்திருந்து ஒட்டுப்போட்டு மீண்டும் ஏறியபோது மணி ஒன்பதரை.

மிதிவண்டி ஓடும்போது தானே ஒரு காற்றை உண்டாக்கிக் கொள்வதால் வெயில் தோன்றாது. ஆனால் சுற்றியுள்ள காற்று நம் தோலினும் வெம்மையுற்றபின் அக்காற்றும் குளிர்விப்பதன்று. வியர்வை உலர்வதொன்றே உடம்பைக் காக்கும். அவ்வியர்வைக்கு வேண்டிய நீரோ எம் குப்பிகளில் வற்றிக்கொண்டிருந்தது. இராயக்கோட்டைக்கு அப்பால் ஓரிடத்தில், அதுகாறும் இருபுறமும் கவிந்திருந்த புளியமரங்கள் திடுமென நின்றன. அகலப்படுத்தப்பெற்ற சாலை வெட்டவெளியாய்க் கிடந்தது. தார் கானல் எழுப்பிற்று. அரைமணிப் பொழுதில் தங்கை, "அம்மா, கண் இருட்டுது" என்றாள். தந்தையார் தம் வண்டியை எறிந்துவிட்டு ஓடி அவளைத் தாங்கினார். முகம் கன்றிச் சிவந்திருந்தது, வாந்தியெடுத்தாள், பின்பு பேச்சும் குழறிற்று. அண்மையில் வீடு ஒன்றுமில்லை. கண்ணுக்கெட்டிய தொலைவில் ஒரே ஒரு புளியமரமும், அதனடியில் ஓர் ஓட்டு வீடும் தோன்றின. தந்தையார் அவளைத் தோளில் இட்டு ஓட, அன்னையார் பின்தொடர்ந்தார். யான் வண்டிகளை உருட்டிக்கொண்டு ஆண்டவரை வேண்டிய வண்ணம் சென்றேன்.

அவ்வீட்டில் தெலுங்கு பேசும் மூதாட்டி ஒருவர் தனியே இருந்தார். யார், எவ்வூர், என்ன குலம் என ஒன்றும் வினவிலர். கயிற்றுக் கட்டிலை நிழலில் இழுத்திட்டுத் தங்கையைக் கிடத்தினார். தம் சேலையொன்றை நனைத்து அவள் உடம்பைச் சுற்றி முறத்தால் விசிறினார். தெளிவு வந்தபின் உப்பிட்ட மோரைச் சிறிது சிறிதாய்ப் பருகுவித்தார். ஒரு நாழிகை கழிந்தபின் தங்கை எழுந்தமர்ந்து, "அவ்வா, இன்னும் கொஞ்சம் மோர்" என்றாள். அச்சொல்லைக் கேட்டபின்னரே தந்தையாரின் கைந்நடுக்கம் நின்றது.

தமிழ் பயில்வோர் பாலைத்திணையை அறிவர். பாலை தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டு அடையும் வடிவமே பாலையென இளங்கோவடிகள் உணர்த்துவர். வகுப்பில் இதனைக் கற்கும்போதெல்லாம், மரம் நின்ற இடத்தில் முல்லையாகவும் மரம் அற்ற இடத்தில் பாலையாகவும் இருந்த அச்சாலையே என் கண்முன் வருகின்றது. இடையே தொலைவு இரண்டு கிலோமீட்டரும் இராது.

வெயிலின் கொடுமை நம் நாட்டிற்கே உரியதுமன்று. வேனில் விடுமுறையில் குடும்பத்தோடு மிதிவண்டி ஏறி நாட்டுப்புறம் செல்வது வழக்கமாகவுள்ள பிரான்சு நாட்டில், 2003 ஆகஸ்டு மாத வெம்மையால் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் முதியோர். உற்றார் பலர் விடுமுறைக்கு வெளியூர் சென்றிருந்த மாதத்தில் தனித்திருந்தோர் பலர். மறு ஆண்டே அந்நாட்டரசு வெப்பகாலப் பாதுகாப்புத் திட்டம் வகுத்தது. நம் மாநில அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்துள்ளது. எம்மைக் காத்த அவ்வாவும் தனித்திருப்பவரே. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவரை வெயிலினின்று காத்துவந்தது அம்மரமே.

மாலையிற் புறப்படும்போது, மரத்தின் அடியில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய இலக்கம் ஒன்றைக் கண்டேன். சாலை விரிவுக்காக வெட்டவேண்டிய மரங்களுக்கு இடும் எண் அஃது என்று தந்தையார் கூறினார். "இதை நட்டவர் யார், அவ்வா?" என்று வினவினேன். "யாருக்குத் தெரியும்? நான் மருமகளாய் வந்தபோதே இவ்வளவு பெரிது" என்றார்.

திருமறையில் யோனா தீர்க்கதரிசி, தனக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்காகச் சினந்து வருந்தினான். நீ பாடுபடாததும் வளர்க்காததுமான செடிக்கு இத்துணை இரங்குகின்றனையே என்று கடவுள் அவனைக் கேட்டார். நாமோ பாடுபடாமற் பெற்ற நிழலை இழந்து, இரங்கவும் நேரமின்றி விரைகின்றோம். வெட்டும் மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுக என்று நீதிமன்றங்கள் பன்முறை பணித்துள்ளன. நல்லதே, ஆயினும் ஒரு புளியங்கன்று வழிப்போக்கன் ஒருவனுக்கு நிழலாவதற்குள் ஒரு தலைமுறை கழியும். அத்தலைமுறைக்குள் எத்தனை சிறுமியர் அவ்வழியே செல்வர்!

நண்பர்காள்! வேனில் விடுமுறைக்கு ஊர் செல்லும் நீங்கள், ஒரு விடியற்காலையிலேனும் மிதிவண்டியேறி உங்கள் ஊர்ச் சாலையிற் செல்லுங்கள். நீரும் உப்பும் உடன்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் திரும்புங்கள். வழியில் எத்தனை மரங்கள் நிற்கின்றன, எவற்றில் எண் எழுதியிருக்கின்றது, எந்த வீட்டில் முதியோர் தனித்திருக்கின்றனர் என்று பார்த்து வாருங்கள். பார்த்தபின் செய்யவேண்டுவதை உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.