எவரை விடுப்பது, எவரை வைப்பது?

வெற்றிக்கு வழியில்லை என்று தெளிந்துவிட்ட குழு, எஞ்சிய நாட்களில் என் செய்தல் வேண்டும்? அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்தில் ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் இறுதியில் இவ்வினா எழுகின்றது. ஆங்கு முதல்நிலைக் கழகங்கள் 30. ஒவ்வொன்றும் வசந்தகாலம் தொடங்கிச் செப்டம்பர் இறுதிவரை 162 ஆட்டங்கள் ஆடும். ஜூலை முடிவிலேனும் ஆகஸ்டுத் தொடக்கத்திலேனும் ஒரு கெடுநாள் குறிக்கப்படுகின்றது. அந்நாள் கடந்தபின் முதல்நிலை ஆட்டக்காரரைக் கழகங்கள் தம்முள் மாற்றிக்கொள்ளுதல் அவ்வாண்டின் ஆட்டங்கள் முடியும்வரை இயலாது. ஆதலின், வெற்றிக்கு அணுக்கமாய் நிற்கும் கழகம் இன்றைக்கு உதவும் வல்லாரை நாடி அலையும். பின்தங்கிய கழகமோ தன்பாலுள்ள வல்லாரை அதற்கு ஈந்து, அதன் கீழ்நிலைக் குழுக்களிற் பயிலும் இளைஞரைப் பெறும். விளைந்த நெல்லைக் கொடுத்துத் தென்னம்பிள்ளை வாங்கும் குடியானவன் செயலை இஃது ஒக்கும். காய் காணப் பல ஆண்டு செல்லும். கன்று பட்டுப்போதலும் உண்டு.

கிரிக்கெட்டே கதியென்றிருக்கும் இக்கல்லூரியில், தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் ஒருவர் இப்பொருளை எடுத்தெழுதுதல் சிலர்க்கு நகை விளைக்கும். எம் பெரியப்பாவின் மூத்த மகனார் சிகாகோ நகரில் வாழ்பவர். அவ்வண்ணனார் அனுப்பிய நீலத் தொப்பியொன்றால் யாம் பத்தாம் வயதிலேயே சிகாகோ கப்ஸ் என்னும் கழகத்துக்கு அன்பரானோம். அங்கு மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கு மறுநாட் காலை ஐந்தரை மணிக்கு நிகழ்வது. விடுதி மணிக்கு முன்னரே எழும் நற்பழக்கம் எமக்கு அவ்வாறே வாய்த்தது. இதற்காகவேனும் விடுதிக் காப்பாளர் பேஸ்பாலை வாழ்த்தலாம்.

இம்மாற்றத்தை 'விற்பனை' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அச்சொல் அத்துணைப் பொருந்துவதன்று. பெரும்பாலும் ஆளுக்கு ஆள் கொடுப்பதே வழக்காதலின், உப்புக்கு நெல் பெற்ற பழங்காலப் பண்டமாற்றே இதற்கு நேர். வெறும் பொன்னுக்கு ஆளைக் கொடுக்க முயன்றாரும் உளர். 1976-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் (அக்காலத்துக் கெடுநாள் அதுவே) ஓக்லாந்து கழகத்தின் உடையவர் சார்லி பின்லி என்பார், தம் ஆட்டக்காரர் இருவரைத் தலைக்குப் பத்து இலட்சம் டாலருக்குப் பாஸ்டனுக்கும், ஒருவரைப் பதினைந்து இலட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸுக்கும் விற்றார். ஆட்டத்தின் ஆணையர் போயி கூன் அவ்விற்பனைகள் மூன்றையும் செல்லாவென்று நீக்கினார். ஆளை விடுத்த கழகம் நாளைக்கென்று ஆளைப் பெற்றதா, அன்றிச் செலவைக் குறைத்துக்கொண்டு அமைந்ததா என்று நோக்கின், அது தன்னைப் புதுக்குகின்றதா, அன்பரை ஏய்க்கின்றதா என்பது விளங்கிவிடும்.

இனி, எவரை விடுப்பது என்னும் வினாவுக்கு வருவாம். அவ்வாண்டோடு ஒப்பந்தம் முடியும் ஆட்டக்காரரே முதற்கண் விடுக்கத் தக்கவர். அவர் எவ்வாறாயினும் கூதிர்காலத்திற் கட்டற்றவராய்ப் பிறிதொரு கழகத்துக்குச் செல்லக்கூடும். தோற்கும் குழுவில் அவர் ஈட்டித்தரும் இரண்டு மூன்று வெற்றிகளாற் பயனும் இல்லை. 2011 அக்டோபரில் தியோ எப்ஸ்டைன் என்பார் கப்ஸ் கழகத்தின் ஆட்டப் பொறுப்பை ஏற்றார். 1908-க்குப் பின் பட்டம் காணாத கழகம் அது. 2012-இல் 101 ஆட்டங்களில் தோற்றது. அக்குழுவில் ரையன் டெம்ஸ்டர் என்னும் எறிவாளர், முப்பத்தைந்து வயதினர், அரிய திறத்தோடு எறிந்துகொண்டிருந்தார். எறிவாளரின் திறத்தை ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்ட ஓட்டங்களின் சராசரியால் அளப்பர். நான்குக்குக் கீழ் இருப்பின் நன்று. டெம்ஸ்டரது எண் 2.25. அவரை அட்லாண்டா கழகத்துக்குக் கொடுத்து ராண்டல் டெல்காடோ என்னும் இளைஞரைப் பெறுவதாகப் பேச்சு முடியும் நிலையில், செய்தியும் வெளியாகிவிட்டது. டெம்ஸ்டரோ உடன்படவில்லை.

உடன்படாமை அவர்க்கு எங்ஙனம் இயலும் என்று கேட்பீராயின், அதற்கு ஒரு வரலாறு உண்டு. கர்ட் பிளட் என்பார் செயின்ட் லூயிஸ் கழகத்திற் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய கறுப்பின வீரர். 1969-இல் அவரைக் கேளாமலே பிலடெல்பியாவுக்குக் கொடுத்தனர். தம் விருப்பத்தை வினவாது வாங்கவும் விற்கவும் படும் பொருளன்று தாம் என்று ஆணையருக்கு எழுதி, செல்ல மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972-இல் உச்சநீதிமன்றம் அவர்க்கு மாறாகவே தீர்ப்பளித்தது. அவரது ஆட்ட வாழ்வும் அதற்கு முன்னரே முடிந்திருந்தது. ஆயினும், 1973-இல் முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த உடன்பாட்டில் ஒரு விதி இடம்பெற்றது. பத்தாண்டு முதல்நிலையில் ஆடி, அவற்றுட் கடைசி ஐந்தாண்டு ஒரே கழகத்தில் இருந்தாரைக் கேளாமல் மாற்றலாகாது என்பது அவ்விதி. டெம்ஸ்டர் 2004 முதல் கப்ஸ் கழகத்தில் இருந்தவர். விதி அவரைக் காத்தது.

கழகம் கலங்கியது, அன்பர் சிலர் டெம்ஸ்டரைக் கடிந்தனர். ஜூலை 31-ஆம் நாள், கெடு முடியுந் தறுவாயில், டெக்சாஸ் கழகம் கீழ்நிலையில் ஆடிய இருவரை ஈந்து அவரைப் பெற்றது. அவ்விருவருள் ஒருவர் கைல் ஹெண்ட்ரிக்ஸ். அவர் பெயரை அந்நாளில் அறிந்தார் அரியர். பந்தை மெல்லென எறிபவர். விரைவையே விரும்பும் அவ்வுலகில் அவரை மதிப்பார் இலர். 2016-இல் முதல்நிலை எறிவாளர் அனைவருள்ளும் குறைந்த எண் அவருடையதே: 2.13. அவ்வாண்டு உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தைத் தொடங்கி எறிந்தவரும் அவரே. டெக்சாஸ் சென்ற டெம்ஸ்டரது எண் 5.09 ஆயிற்று. ஒருவர் தம் உரிமையை நிலைநாட்டியதால் அவர் நீங்கிய கழகமே வளம் பெற்றது என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது. கர்ட் பிளட் இதைக் கண்டிலர், 1997-இலேயே மறைந்தார்.

மறு ஆண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்த ஸ்காட் பெல்ட்மன் என்னும் எறிவாளரைக் கெடுநாளுக்கு நான்கு வாரம் முன்னரே பால்டிமோருக்குக் கொடுத்து, ஜேக் அரியேட்டா, பெட்ரோ ஸ்ட்ரோப் என்னும் இருவரைப் பெற்றனர். பால்டிமோரில் அவ்வாண்டு அரியேட்டாவின் எண் 7.23; அவரைக் கைவிட்டார் என்றே கூறலாம். 2015-இல் அவர் 22 வெற்றியும் 1.77 என்னும் எண்ணும் பெற்று, சிறந்த எறிவாளர்க்குரிய சை யங் பரிசைக் கொண்டார். பிறர் வெறுத்த இளைஞரை நோக்கிக் கேட்கும் கண், புகழ்பெற்ற இளைஞரைக் கேட்கும் வாயினும் பயனுடைத்துப் போலும்.

அடுத்து விடுக்கத் தக்கவர், ஆட்ட இறுதியில் ஓரிரு இன்னிங்ஸ் மட்டும் எறியும் உதவி எறிவாளர். நூறு ஆட்டம் தோற்கும் குழுவுக்கு வெற்றியைக் காத்து முடிப்பவர் எற்றுக்கு? காக்க வெற்றியே இல்லையே! பட்டத்தை நாடும் கழகமோ அவர்க்காக எதனையும் ஈயும். 2016-இல் நியூயார்க் யாங்கீஸ் அரோல்டிஸ் சாப்மனைக் கப்ஸுக்கும், ஆண்ட்ரூ மில்லரைக் கிளீவ்லாந்துக்கும் கொடுத்தது. அவ்வாண்டு உலகத் தொடரில் எதிர்நின்ற கழகங்கள் அவ்விரண்டுமே. கிளேபர் டோரஸ் உள்ளிட்ட நால்வரைச் சாப்மனுக்கு ஈடாகப் பெற்ற யாங்கீஸ், அவர் கட்டற்றவரானதும் அவ்வாண்டு டிசம்பரிலேயே அவரையும் திரும்ப அழைத்துக்கொண்டது. வாணிகத் திறம் என்ற அளவில் இதனை மிஞ்சியது இல்லை. குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டால் அவ்வாண்டுத் தொடக்கத்தில் 30 ஆட்டங்கள் விலக்கப்பட்டவர் சாப்மன் என்பதையும், அப்பழியால் விலை குறைந்திருந்தபோதே யாங்கீஸ் அவரை வாங்கிற்று என்பதையும் நோக்க, அத்திறத்தைப் புகழ எமக்கு நா எழவில்லை.

உதவி எறிவாளரின் திறம் நிலையற்றது என்பதும் நினைக்கத் தக்கது. 2021-இல் கிரேக் கிம்பிரெல் கப்ஸிடம் இருந்தவரை எண் 0.49, அதே நகரத்து வெள்ளைக் காலுறைக் கழகத்துக்கு (ஒயிட் சாக்ஸ் என்பதன் பொருள் அதுவே) மாறிய பின் 5.09.

விடுக்கலாகாதார் எவர்? வயதிற் குறைந்து, கழகத்தின் கட்டில் இன்னும் பல ஆண்டு உள்ளவர். முதல்நிலையில் ஆறாண்டு நிரம்பும்வரை ஓர் ஆட்டக்காரர் கட்டற்றவராதல் இயலாது. இதனால் இளைஞரின் காலமே கழகத்தின் செல்வம். இதனை மறந்ததன் பயனைக் கப்ஸ் அன்பர் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லி வருந்துகின்றனர். 1964 ஜூன் 15-இல், இருபத்தைந்து நிரம்பாத லூ பிராக்கைச் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்து, முந்திய ஆண்டில் 18 வெற்றி கண்ட எர்னி பிராக்ளியோவைப் பெற்றனர். பிராக் அவ்வாண்டே பட்டம் வென்று, தம் ஆட்ட வாழ்வு முழுவதிலும் 938 தளங்களைக் கவர்ந்தார். பிராக்ளியோ கப்ஸுக்கு ஈட்டிய வெற்றி மொத்தம் ஏழு.

ஆயின், விதிகளை அறிந்து ஒழுகினாலும் வெற்றி கிட்டும் என்பது உறுதியன்று. ஒயிட் சாக்ஸ் கழகம் 2016 டிசம்பரிலும் 2017 ஜூலையிலும் தன் தலைசிறந்த எறிவாளரை விடுத்து, பலரும் பொறாமைப்பட்ட இளைஞர் கூட்டத்தைச் சேர்த்தது. 2021-இல் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 2024-இல் 121 ஆட்டங்கள் தோற்று, 1901-க்குப் பிற்பட்ட வரலாற்றிலேயே மிகுதியான தோல்வியை அடைந்தது. கன்று வாங்குவோர்க்கு நீர் பாய்ச்சவும் தெரிதல் வேண்டும். அதனைக் கெடுநாள் கற்பிப்பதில்லை.

இதுவரை கூறியன எண்ணிக்கையால் தீர்வன. எண்ணிக்கையால் தீராத ஒன்று உண்டு. அந்தோணி ரிஸோ என்பார் 2012 ஜனவரியில், இருபத்திரண்டு வயதிற் கப்ஸுக்கு வந்தவர். அதற்குமுன் புற்றுநோயுற்று மீண்டவர். நூறு தோல்விக் காலத்தில் விடுக்காது வைத்த இளைஞர் அவரே. 2016 நவம்பர் 3-ஆம் நாள் காலை, யாம் பள்ளிக்குப் புறப்படாமல் கைபேசியில் எண்களை நோக்கியிருந்தோம். பத்தாம் இன்னிங்ஸின் இறுதிப் பந்தைக் கிரிஸ் பிரையண்ட் எடுத்தெறிய, ரிஸோ பற்றித் தம் பைக்குள் இட்டுக்கொண்டார். 8-7 என வெற்றி. 108 ஆண்டு ஏக்கம் அப்பைக்குள் அடங்கியது. அண்ணன் தொலைபேசியில் அழுதார். யாம் அன்றுதான் அவர் அழக் கேட்டோம்.

2021 ஜூலை இறுதியில், இரண்டே நாட்களில், ரிஸோ யாங்கீஸுக்கும், ஹாவியர் பாயேஸ் நியூயார்க் மெட்ஸுக்கும், பிரையண்ட் சான் பிரான்சிஸ்கோவுக்கும் கொடுக்கப்பட்டனர். மூவர்க்கும் அவ்வாண்டோடு ஒப்பந்தம் முடிவது. கழகமோ 91 தோல்வியை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. "தம்பி, வீட்டுப் பிள்ளையை எவனேனும் கன்றுக்கு மாற்றுவானோ?" என்று அண்ணன் எழுதினார். அவரும் யாமும் அன்று தொடங்கிய வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

எம் கருத்து இது: அன்பு பற்றி வைத்திருத்தல் அவ்வீரர்க்கும் நன்றன்று. தோற்கும் குழுவில் இரண்டு திங்கள் வீணே ஆடி, ஒரு கையசைப்போடு பிரிதலினும், பட்டத்தை நாடும் குழுவில் ஆடுதல் அவர்க்கு ஏற்றம். ஆயினும், பத்தாண்டு விதியின் காவல் இல்லாதாரிடத்தும் முன்னதாகச் சொல்லி, அவர் விரும்பும் இடத்தை வினவுதல் கழகத்தின் கடன். பாயேஸுக்கு ஈடாக வந்த பீட் குரோ-ஆம்ஸ்டிராங் அப்போது பத்தொன்பது வயதினர். எம் இன்றைய வயது. 2025-இல் அவர் 31 முழுவட்ட அடிகள் அடித்து, 35 தளங்களைக் கவர்ந்தார். கப்ஸ் 92 வெற்றி கண்டது. அண்ணனும் அவர் ஆட்டத்தைக் கண்டு களிக்கின்றார்.

2025 செப்டம்பரில் ரிஸோ ஓய்வு பெற்று, கப்ஸ் கழகத்தின் தூதுவராகத் திரும்பினார். அச்செய்தியை அண்ணனே முந்தி எழுதினார். அதனோடு, ரிஸோவுக்கு ஈடாக வந்த கெவின் அல்காந்தரா 2024-இலும் 2025-இலும் கப்ஸுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்டங்களே ஆடினார் என்பதையும் குறித்து, அதற்கு எம் மறுமொழி யாதென்று கேட்டிருக்கின்றார். பருவத் தேர்வு முடிந்ததும் எழுத எண்ணியுள்ளோம்.