காசிமேட்டில் கேமரா

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகளிலிருந்து கூடைகள் இறங்க இறங்க ஏலம் சூடுபிடிக்கிறது. மீன் வாங்க வந்தவர்களுக்கு நடுவே கேமராவோடு வந்தவர்களும் நிறைய. போட்டோ வாக் போகிறவர்களுக்கு இந்த இடம் அவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது.

லாரி ஓரமாக நின்ற ஓர் இளைஞர், தூரத்தில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவை நீள லென்ஸில் குறிவைத்தார். அம்மா கவனித்துவிட்டார். "இன்னாத்துக்குப்பா புடிக்கிற? யூடியூப்ல போடவா?" கத்தியைக் கீழே வைக்கவில்லை. இளைஞர் பதில் சொல்லாமல் கூட்டத்துக்குள் நழுவினார்.

"முன்னெல்லாம் பேப்பர்ல வரும்னுவாங்க, சிரிச்சிக்கினு நிப்போம். இப்ப எவன் எதுல போடுறான்னே தெரியல. கீழ கண்டதையும் எழுதுறானுங்க. என் பொண்ணு பாத்துட்டு அழுவுது" என்றார் என்னிடம்.

அடுத்த வரிசையில் இன்னொருவர் அரைக் கிலோ சங்கரா வாங்கி, சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு, "யக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டா?" என்றார். "இருப்பா" என்ற அக்கா, முந்தானையை இழுத்துச் செருகி, கையைத் துடைத்து, விறைப்பாக உட்கார்ந்தார். செதில் தெறிக்க ஓடிக்கொண்டிருந்த கை நின்றுபோனது. கேட்டு எடுப்பதில் இந்தச் சங்கடம் உண்டு. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரஸ்ஸோன் தன் லைக்கா கேமராவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்ததும் யார் கண்ணிலும் படாமல் எடுக்கத்தான். சங்கரா வாங்கியவரோ முதல் படத்தை அக்காவிடம் காட்டினார். அவர் சிரித்துவிட்டு மீனுக்குத் திரும்பியதும் மறுபடி எடுத்தார். எனக்குக் காட்டியபோது பார்த்தேன், இரண்டாவதுதான் படம்.

சட்டத்தைக் கேட்டால் ஊருக்கு ஒரு பதில். புகைப்படக் கலைஞர் ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஒருவரை அவருக்குத் தெரியாமல் எடுத்த படத்தின் மீதான வழக்கை, அது கலை என்று 2006-ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நம் உச்ச நீதிமன்றமோ 2017-ல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. பொது இடத்தில் இருப்பதாலேயே அது பறிபோய்விடாது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஆனால், மீன் சந்தையில் யார் தீர்ப்பைப் புரட்டப் போகிறார்கள்?

கேட்காமல் எடுப்பதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் தெருப்படம் என்ற கலையே இல்லை. எடுத்தபின் நழுவுவதுதான் அயோக்கியத்தனம். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். காசிமேட்டுக்குப் போகிறவர்கள் முதலில் கொஞ்சம் மீன் வாங்குங்கள், கேமராவை அப்புறம் எடுக்கலாம்.