குங்குமத்தின் கீழே

மாடம்பாக்கத்தில் ஒரு வீடு. ஏரிக்கரையிலிருந்து நடந்து போகும் தொலைவு. அந்த வீட்டுக் கூடத்தில், ஆயுத பூசையன்று, மணைமீது ஒரு வேட்டைத் துப்பாக்கி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. குழல் முழுதும் சந்தனம்! சந்தனத்தின்மீது குங்குமம்! குழல் வாயிலே ஒரு சாமந்திப் பூ! சுடுவதற்கென்று செய்யப்பட்ட கருவி, சூடம் காட்டப்படுவதற்காகக் காத்துக் கிடந்தது.

வீட்டுப் பெரியவர் எண்பது வயதை எட்டியவர். நம்மிடம் நீண்ட நாளாக அன்பு கொண்டவர்.

"தம்பி, இது கடையில் வாங்கிய சரக்கு அல்ல. விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில், என் பாட்டனார் வேங்கைக்கு எதிரே அஞ்சாமல் நின்றதைக் கண்டு, வெள்ளைக்காரத் துரை தம் கையாலேயே கொடுத்த அன்பளிப்பு" என்றார். சொல்லும்போது கூனிய முதுகு சற்றே நிமிர்ந்தது.

நாம் மறுக்கவில்லை, ஒப்பவும் இல்லை. "ஐயா, பூசை முடிந்தபின் இந்தச் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, ஒருமுறை பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டோம்.

நம் பழக்கத்தைப் பற்றி இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். பழைய ஐரோப்பிய வேட்டைத் துப்பாக்கிகளில் நமக்கு நெடுநாளாக ஈடுபாடு. ஆனால் நாம் துப்பாக்கி சேர்ப்பவர் அல்லர். சேர்க்க ஆசைப்பட்டாலும் சட்டம் இடந்தராது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்துவிட்டது. வேட்டையோ, 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடங்கத் தொடங்கி, 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அடங்கியது. அடங்கியது நன்றே! நாம் சேர்ப்பவை முத்திரைகள். குழலிலும் பூட்டிலும் பொறித்த எழுத்துகளின்மீது மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து எடுத்து, குறிப்பேட்டில் ஒட்டி, எந்த நாட்டு முத்திரை, எந்த ஆண்டு முத்திரை என்று எழுதி வைப்போம். அதுவே நம் சேமிப்பு. அதுவே நம் செல்வம்.

'நாட்டிலே ஆயிரம் வேலை காத்துக் கிடக்க, செத்துப்போன துப்பாக்கிக்குச் சாதகம் கணிப்பதா பகுத்தறிவு வேலை?' என்று இளைஞர் சிலர் நம்மைக் கேலி பேசியதுண்டு. அவர்களுக்கு நாம் காட்டுவது, மாடம்பாக்கத்துக்கு அருகிலேயே உள்ள பல்லாவரத்தை!

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், அந்தப் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். ஊரார் கண்ணுக்கு அது சரளைக் கல். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சில்லு பெயர்த்த தடங்களைக் கண்டார். 'இது இயற்கை உடைத்ததல்ல, மனிதன் செதுக்கியது' என்றார். பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி அது! இந்திய வரலாற்றின் தொடக்கமே அன்று பின்னுக்கு நகர்ந்தது. அவர் சேர்த்த பெருந்தொகுதியைச் சென்னை அருங்காட்சியகம் 1904ஆம் ஆண்டில் பெற்றுக்கொண்டது. ஐரோப்பியச் சிற்றூர்களிலோ அத்தகைய கற்கோடரிகளை 'வானத்திலிருந்து விழுந்த இடிக்கல்' என்று நம்பி, வீட்டுக்குக் காப்பாக வைத்திருந்தார்கள். மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. தெளிவும் எவருக்கும் தனிச்சொத்தன்று. கல்லைக் கும்பிட்டவன் கல்லோடு நின்றான். கல்லைப் படித்தவன் மனிதனைக் கண்டான்!

கல்லைப் படித்ததைப் போலவே இரும்பையும் படிக்கலாம். கதவுத் தாழ்ப்பாளைப் போல ஓர் இரும்புத் தண்டை முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் தோட்டா பூட்டப்படும். நிமிர்த்திப் பின்னே இழுத்தால் வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும் - இதுதான் 'போல்ட்' துப்பாக்கியின் இயக்கம். அந்தத் தாழ்ப்பாளைக் கண்டாலே குலம் தெரியும். முன்புறம் இரண்டு பற்களும், பின்புறம் காப்பாக மூன்றாவது பல்லும் இருந்தால், செருமானியர் பால் மௌசர் 1898இல் நிறைவாக்கிய அமைப்பு. தாழ்ப்பாளின் கைப்பிடி பின்பாலத்தைப் பிளந்துகொண்டு முன்னே சென்று, வெண்ணெய்க் கத்தி போலத் தட்டையாகப் படிந்து, தோட்டாக்கள் சுழலும் உருளையில் அமர்ந்திருந்தால், 1903இல் ஆசுதிரியாவின் ஸ்டெயர் நகரில் தோன்றிய மான்லிக்கர் ஷோனாவர். பூட்டும் பற்கள் பின்புறமே இருந்தால், ஆங்கிலேயர் கைக்கொண்ட லீ அமைப்பு.

குழலில் பொறித்த பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். ஜிம் கார்பெட்டின் கதை அறிந்ததே. 436 பேரைக் கொன்றதாகக் கூறப்பட்ட சம்பாவத் பெண்வேங்கையை அவர் 1907இல் வீழ்த்தினார். அதைப் பாராட்டி அவருக்கு ஒரு ரைபிள் வழங்கப்பட்டது. அதில் இலண்டன் ரிக்பி நிறுவனத்தின் பெயர், தோட்டாவுக்கு '.275 ரிக்பி' என்று பெயர். ஆனால் இயக்கமோ செருமானிய மௌசர். தோட்டாவோ ஏழு மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவேதான்! பட்டம் இலண்டனில், பிறப்பு செருமனியில். பெயரைக் கேட்டு மதிப்பிடாதே, பிறப்பிடம் சொல்லி மயக்காதே, பொருளை ஆராய்ந்து பார் - துப்பாக்கிக்குப் பொருந்துகிற இந்த விதி மனிதனுக்கும் பொருந்தாதோ?

பெரியவர் வீட்டுக்கு மீள்வோம்.

பூசை முடிந்த மறுநாள், லைசென்சுக்குரியவரான அவரே துப்பாக்கியை எடுத்தார். உள்ளே தோட்டா இல்லை என்று இருமுறை சரிபார்த்தோம். சந்தனத்தைத் துடைத்ததும் நமக்கு முதல் வருத்தம். ஆண்டுதோறும் ஈரச் சந்தனம் படிந்த இடமெல்லாம் துரு! குழலின் மேற்புறத்தில் செய்தவன் பெயரும் ஊரும் இருந்த இடத்தில், அம்மைத் தழும்பு போன்ற குழிகளே எஞ்சியிருந்தன. வழிபட்ட கைகளே வரலாற்றை அரித்துவிட்டன.

பெரியவர் அடிப்புறத்தின் இரு திருகாணிகளைக் கழற்றினார். கட்டை வேறு, இரும்பு வேறாகப் பிரிந்தது. சந்தனம் எட்டாத, சாம்பிராணி நுழையாத அந்த மறைவிடத்தில், நேற்று பொறித்தவை போல எழுத்துகள் பளிச்சிட்டன. முடி சூடிய 'பி' - வெடித்துச் சோதிக்கப்பட்டது. முடி சூடிய 'யூ' - பார்வையிடப்பட்டது. முடி சூடிய 'ஜி' - குழலினுள் சுருள்வரி உடையது. முடி சூடிய 'என்' - புகையில்லா மருந்துக்கு ஏற்றது. அனைத்தும் செருமானியச் சோதனை முத்திரைகள். அருகே சிறு எண்: 4.27.

"அது என்ன தம்பி, கணக்கு?" என்றார்.

"ஐயா, 1927ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள். இந்தக் குழல் சோதனை பெற்ற நாள்."

விக்டோரியா இறந்தது 1901இல். அவர் மறைந்து இருபத்தாறு ஆண்டு கழித்துப் பிறந்த துப்பாக்கி, அவர் காலத்தில் எப்படி அன்பளிப்பாக வந்திருக்க முடியும்? நாம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. நிமிர்ந்த முதுகு மெல்லத் தாழ்ந்ததைக் கண்டோம். ஒரு கிழவரின் பெருமையைப் பறிக்கவா இத்தனை படிப்பு என்று நம் நெஞ்சும் நம்மைக் குத்திற்று.

ஆயினும் பேசாமல் திரும்பியிருந்தால் பெரும்பிழை செய்திருப்போம். ஏனெனில், பெட்டியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அதிலே உறவினர் ஒருவர் எப்போதோ கொடுத்த தோட்டாக்கள். "எட்டு மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு எட்டு மில்லிமீட்டர் தோட்டா. எல்லாம் ஒன்றுதானே?" என்றார் பெரியவர். ஒன்றல்ல! 1888இல் வந்த செருமானியத் தோட்டாவின் குண்டு, அங்குலத்தை ஆயிரமாக்கினால் 318 பங்கு பருமன். 1905இல் செருமானியப் படை ஏற்ற புதிய தோட்டாவின் குண்டோ 323 பங்கு. வேட்டைத் துப்பாக்கி செய்தவர்கள் அதன் பின்னரும் பழைய அளவிலேயே குழல் கடைந்து வந்தார்கள். பழைய அளவுக்கு 'ஐ' என்றும், புதியதற்கு 'எஸ்' என்றும் அடையாளம். செருமானியப் பழைய அச்செழுத்தில் 'ஐ', 'ஜே' போலத் தோன்றுவதால், உலகமே அதை 'ஜே' என்று பிழைபடப் படித்து, பிழையையே மரபாக்கிக்கொண்டது! குறுகிய குழலில் பருத்த குண்டைச் செலுத்தினால் அழுத்தம் மிகும். பூட்டே சிதறினாலும் வியப்பில்லை. உரிமம் பெற்ற கடையொன்றில் துப்பாக்கி பழுது பார்ப்பவர், குழலினுள் ஈயத்தைச் செலுத்தி அளந்தார். குழல் 318. பொட்டலத்துத் தோட்டாக்களோ 'எஸ்'. அன்றே அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார் பெரியவர். கதையை நம்பி விசையை இழுத்திருந்தால், கதை சொல்ல ஆள் இருந்திராது.

ஒரு மாதம் சென்றது. பெரியவரிடமிருந்து அழைப்பு. போனோம். தகரப் பெட்டி ஒன்றைக் குடைந்து, மூன்று காகிதங்களை எடுத்து வைத்திருந்தார்.

"நீ சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது தம்பி. நீயே படி."

முதலாவது, துரை ஒருவரின் பழைய லைசென்சு. ஏவலராகத் துப்பாக்கி சுமக்கும் உரிமை உடையவர் என்ற கட்டத்தில், பெரியவருடைய தந்தையாரின் பெயர்! இரண்டாவது, துரை சீமைக்குப் புறப்பட்ட 1947ஆம் ஆண்டின் விற்பனைச் சீட்டு. விலை ரூபாய் 180, மூன்று தவணை. மூன்றாவது, தந்தையார் பெயரிலேயே வழங்கப்பட்ட லைசென்சு.

வேங்கையும் இல்லை, அன்பளிப்பும் இல்லை, பாட்டனாரும் இல்லை. பிறர் துப்பாக்கியை ஆண்டுக்கணக்கில் தோளிலே சுமந்த ஒருவர், வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, அதைத் தம் உழைப்பால் சொந்தமாக்கிக்கொண்டிருக்கிறார்! அதன் அருமையை உணர 1878ஆம் ஆண்டை நினைக்க வேண்டும். லிட்டன் ஆட்சியில் வந்த ஆயுதச் சட்டம், இந்த நாட்டான் ஆயுதம் தாங்க லைசென்சு வேண்டும் என்றது. ஐரோப்பியனுக்கு விதிவிலக்கு அளித்தது. அந்த இன வேற்றுமை பின்னர் நீக்கப்பட்டதாயினும், தூக்குகிறவன் ஒருவன், சுடுகிறவன் ஒருவன் என்ற வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. அந்தக் காலத்தில் தோள் கொடுத்த தொழிலாளி, துரையிடம் கையேந்தவில்லை. காசை எண்ணி வைத்தார். இதைவிட என்ன பட்டயம் வேண்டும்?

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கப்பா தூக்கினவர் என்று சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது போலிருக்கிறது தம்பி. அதனால்தான் யாரோ பாட்டனாரையும் புலியையும் கொண்டுவந்து வைத்துவிட்டோம்."

அந்த ஒரு வரியிலே, தோழர்களே, நம் நாட்டுப் புராணங்கள் பலவற்றின் பிறப்பு இரகசியம் அடங்கிக் கிடக்கிறது! உழைப்பைச் சொல்ல வெட்கப்பட்ட இடத்தில்தான் அற்புதம் முளைக்கிறது. கூலியை மறைக்கத்தான் கொடை கற்பிக்கப்படுகிறது.

அடுத்த ஆயுத பூசையன்று அந்த வீட்டுக்குப் போனோம். மணைமீது துப்பாக்கி இல்லை. எண்ணெய் தடவி, உறையிட்டு, பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. கூடத்துச் சுவரிலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், 180 ரூபாய்ச் சீட்டு மாட்டப்பட்டிருந்தது. வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "எங்கப்பா வாங்கினது" என்று சொல்லிக்கொண்டிருந்தார் பெரியவர். முதுகு முன்னைவிட நிமிர்ந்திருந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் ஒன்று இருக்கும் - ஒரு வாள், ஒரு பட்டயம், ஒரு பெருமை. அதன் சந்தனத்தைத் துடையுங்கள். எழுத்து தெரிகிறதா, பாருங்கள்!