உப்பளத்துக்காரன் பார்த்த கோடை மழை

நான் வேதாரண்யத்து உப்பளக் குடும்பத்தில் பிறந்தவன். எங்களுக்குக் கோடை மழை ஆகாது. பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பை ஒரே மழை கரைத்துவிடும். சித்திரையில் வானம் கருத்தால் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் பயத்தோடு வளர்ந்த நான் 2023 ஏப்ரலில் கோவைப் பக்கம் காரமடைக்குப் போனேன்.

மேட்டுப்பாளையம் ரயிலில் காரமடையில் இறங்கி, நண்பரோடு வெள்ளியங்காட்டுக்குப் பஸ் ஏறினேன். வழியில் கறிவேப்பிலைத் தோட்டங்கள், பிறகு வாழையும் பாக்குத் தோப்பும். மலையைத்தான் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்கியது. மூடுபனியா என்று கேட்டேன்.

“பொகைங்க. மேல காடு எரியுது” என்றார் நண்பர்.

பகலில் வெயில் ஏறிய சரிவில் காற்று மேல்நோக்கிப் போகிறது. புகையும் அதோடு ஏறிவிடுகிறது. இரவில் மலை குளிர்ந்ததும் கனத்த காற்று கீழே இறங்குகிறது, புகையைக் கூட்டிக்கொண்டு. விடிகாலையில் தோப்புக்குள் எழுந்தபோது எனக்குத் தொண்டை கரித்தது. கடலோரத்தில் கடற்காற்றும் தரைக்காற்றும் மாறுவது எனக்குப் பழக்கம். அதே கணக்கு இங்கே மலைக்கும் பள்ளத்துக்கும் இடையில் நடக்கிறது!

இருட்டியதும் தீ தெரிந்தது. சரிவில் வளைந்து நெளிந்து ஒரு செங்கோடு. காரமடை அரங்கநாதருக்கு மாசித் தேர்த் திருவிழாவில் தீப்பந்தம் பிடிக்கும் பந்த சேவையும் தண்ணீர் சேவையும் நடக்கும். நண்பரின் ஐயன் மலையைப் பார்த்தபடியே சொன்னார்: “அது சாமிக்குப் புடிக்கிற பந்தமுங்க. இது ஆரோ உட்ட பந்தம்.”

கனடாவின் மேற்கு மலைகளில் மழையில்லாத மின்னலே காட்டைக் கொளுத்துவதுண்டு. நம் மலைகளில் பெரும்பாலும் மனிதக் கைதான். காய்ந்த புல்லும் மூங்கிலும் உண்ணிச்செடிப் புதரும் காத்திருக்கின்றன. பற்றிய தீ மேட்டை நோக்கி வேகமாக ஓடும். சுவாலை தனக்கு மேலே உள்ளதை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் 20 பேருக்கு மேல் பலிகொண்டது இப்படியொரு மலைத்தீதான். நான் போன அதே ஏப்ரலில், ஆலாந்துறைப் பக்கம் நாதேகவுண்டன்புதூர் மலையில் தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் மலம்புழா அணையில் நீர் மொண்டு வந்து கொட்டியது. மற்ற இடங்களில் பெரும்பாலும் வனக்காவலர்களும் மலைக்கிராமத்து ஆட்களும் பச்சைத் தழையால் அடித்துத்தான் அணைக்கிறார்கள். அந்தச் சூட்டில், அந்தச் சரிவில், கையில் ஒரு கிளையோடு நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் நாள் மதியம் ஓர் இலையும் அசையவில்லை. எங்கள் ஊரில் ஐப்பசி மேகம் கடலிலிருந்து நடந்து வரும். இங்கே அது என் கண்ணெதிரே மலை உச்சியில் பிறந்து, பருத்து, கருத்தது. நாலு மணிக்கு முதல் இடி. கடலோரத்தில் இடி ஒருமுறை உருண்டு போய்விடும். இங்கே ஒவ்வொரு மடிப்பும் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. பிறகு புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று, அதன் பின்னால் மழை.

பழக்கத்தில் எனக்கு வயிறு கலங்கியது. ஐயன் மேல்துண்டை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு வாசலில் போய் நனைந்துகொண்டு நின்றார். வாழ்நாளில் முதல்முறையாக நானும் கோடை மழையில் நின்றேன்.

காலையில் மலை தெரிந்தது, அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு பெரியதாக! நடுவில் ஒரு பெரிய கருப்புத் திட்டு. கீழே ஓடையில் வந்த முதல் தண்ணீர் சாம்பல் கலந்து மை போல ஓடியது. இந்த மலை நீரெல்லாம் பவானியில்தான் போய்ச் சேர்கிறது. அந்தப் பவானியைப் பில்லூர் அணையில் தேக்கித்தான் கோவையின் ஒரு பகுதி குடிக்கிறது.

மாசி முதல் சித்திரை முடியும் வரை வெள்ளியங்காடு, முள்ளி, மஞ்சூர் வழியாக மலையேறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழியில் அடுப்பு மூட்டாதீர்கள். பீடித்துண்டைக் கூட அணைத்து, கையோடு ஊருக்கு எடுத்து வந்துவிடுங்கள்.